காற்று நன்றாக இருந்த அறை

பதினான்கு வருடமாக அவர் குப்பைமேட்டுக்குக் காவல். "குப்பையை எவன் மாமா திருடப்போறான்?" என்று மைத்துனன் சீண்டுவான். "திருடுறவனுக்காக இல்லடா, கேள்வி கேக்குறவனுக்காக" என்பார்.

ஊர்க் குப்பை முழுக்க அங்கேதான். மீந்த சாப்பாடு, பழைய பேட்டரி, பிளாஸ்டிக் பை எல்லாம் பிரிக்காமல் ஒன்றாகக் கிடந்து புழுங்கி, உள்ளே வாயு சேர்ந்து, கோடை வந்ததும் தானே பற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் ஊரே இருமியது.

மேட்டை ஒட்டிய அலுவலகத்தில் இருந்த நகராட்சி அதிகாரி உடனே நடவடிக்கை எடுத்தார். தீயணைப்பு வண்டியை அல்ல, காற்றை அளக்கும் கருவி ஒன்றை வரவழைத்தார். அது காட்டுவது கடைத்தெரு மின்பலகையிலும் அப்படியே தெரியும். வைத்த ஐந்தாவது நிமிடம் சிவப்பு.

"மெஷின் வெச்ச இடம் சரியில்ல. தூக்கி அந்தப் பக்கம் வைய்யா."

காவலாளி தூக்கினார். மரத்தடி, சுற்றுச்சுவர், மொட்டைமாடி. காற்று சம்பளம் வாங்குகிற ஆள் இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மாலைக்குள் கருவி அதிகாரியின் ஏசி அறையில், அவர் மேசைமேல் குடியேறியது. பச்சை விளக்கு எரிந்தது. 'காற்று மிக நன்று' என்றது பலகை. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தார்கள்.

மறுநாள் காலை காவலாளியின் மனைவி, எட்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலையிடத்துக்கே வந்துவிட்டாள். குழந்தைக்கு இழுப்பு.

"நல்ல காத்து படுற இடத்துல வைக்கச் சொல்றாரு டாக்டர். நான் எங்கங்க போவேன்?"

நல்ல காற்று எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? நேராக அதிகாரியின் அறைக்குக் கூட்டிப்போய் சோபாவில் மகளைப் படுக்கவைத்தார்.

"என்னய்யா இது?" என்று பதறினார் அதிகாரி.

"போர்டுல போட்டிருக்கிறது இந்த ரூம் காத்துதானே சார். கொஞ்ச நேரம் மூச்சு விட்டுட்டுப் போறோம்."

மனைவி அதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டிருந்தாள். அரை மணி நேரத்தில் தெருவின் இருமலெல்லாம் அறைக்குள். தையல்காரர், நிறைமாதக்காரி, நாற்காலியோடு தூக்கிவரப்பட்ட கிழவர். கதவைத் திறந்து திறந்து மூடியதில் புகையும் கூடவே உள்ளே வந்தது. மதியத்துக்குள் கருவி சிவந்தது. கடைத்தெருப் பலகையும் சிவந்தது.

அதிகாரி முதல்முறையாக இருமினார். "ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடுய்யா!"

"நாலு நாளா போட்டுட்டுத்தான் சார் இருக்கேன். உங்க லெட்டர் வந்தாத்தான் வருவாங்களாம்."

பத்தே நிமிடத்தில் கடிதம் போனது. தீ அடங்கப் பதினொரு நாள் ஆயிற்று.

அலுவலக ஒழுங்கைக் குலைத்த குற்றத்துக்காகக் காவலாளியை ஊரின் மறுகோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கியடித்தார்கள், குடியிருக்க வீட்டோடு. அந்தத் தண்டனையை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் மனைவி. போன ஒரே வாரத்தில் மகள் ஓடி விளையாடினாள்.

பழைய தெருவிலிருந்து தையல்காரர் அவ்வப்போது போன் செய்வார். பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்கும். போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவர் இருமி முடிக்கும்வரை காவலாளி காத்திருப்பார்.