சேதத்தில் மூலம்

பழவங்காடியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் ஷீபா என் தோழி. பாதியில் விட்ட பத்தாம் வகுப்பை இருவரும் இப்போது எழுதப் போகிறோம். அவள் மலையாளத்தில், தென்காசிக்காரியான நான் தமிழில்.

ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். ஒரே இரைச்சல். “சேச்சி, சேதத்தில மூலமுண்டு. எத்தற நோக்கியிட்டும் போகுந்நில்லா.”

என் காதில் ‘தேகத்தில’ என்றுதான் விழுந்தது. என்ன செய்து பார்த்தும் மூலம் போகவில்லையாம். பாவம், நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள்! மூலத்துக்குக் கருணைக்கிழங்கைவிட மருந்து ஏது? அவசரமாக வேகவைத்து, புளி விட்டு மசித்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மதியம் ருசித்துச் சாப்பிட்டாள். “வெக்கப்படாம ஒரு டாக்டர பாத்துரு” என்றேன் மெதுவாக.

“டாக்டரோ? எந்தினா?” என்று விழித்தவள் கணக்கு நோட்டை நீட்டினாள். மேலே x−9, கீழே √x−3. பின்னத்தின் கீழ்ப்பகுதிக்கு மலையாளத்தில் சேதம் என்று பெயராம். அதில் இருந்தது வர்க்கமூலம்!

நான் கேட்டதைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. பிறகு மேலும் கீழும் √x+3 ஆல் பெருக்கினோம். கீழேயும் x−9 வந்தது, இரண்டையும் அடித்தோம். √x+3 மட்டும் மிஞ்சியது.

“சேதத்தில மூலம் போயி!” என்றவள், காலி டப்பாவைப் பார்த்துச் சட்டென்று அடங்கினாள். “இது எனிக்கு வேண்டி செய்ததாணோ, சேச்சி?”

நான் டப்பாவை வாங்கி மூடினேன்.

இப்போதும் அந்த மாதிரிக் கணக்கு வந்தால், “நாளெ கிழங்குண்டோ?” என்கிறாள். செய்து கொண்டுபோகிறேன். நோயே இல்லாதவளுக்கு மருந்து சமைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.