அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு

ஆறு மாதங்களில் நான் வரைந்த பொருட்களில் கழுத்து இருந்தது ஒன்றுக்கு மட்டும்தான். அது எங்கள் குசினி ஜன்னலோரம் இருக்கும் தண்ணீர்க் கூஜா. மற்றவை எல்லாம் கோப்பை, கேத்தல், செருப்புச் சோடி, தேங்காய் துருவும் திருவலை, பாதித் தேங்காய், வாப்பாவின் கண்ணாடிக் கூடு. இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. வரைந்தவற்றையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பட்டியல் எழுதாமல் எனக்கு எதுவும் விளங்குவதில்லை.

கல்முனையில் வீட்டுப் பிளான் வரையும் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருக்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததும் அதைத்தான். எங்கள் பிளான்களில் வடக்கு அம்புக்குறிக்குப் பக்கத்தில், தொழும்போது முன்னோக்கும் திசையான கிப்லாவுக்கும் ஓர் அம்புக்குறி இருக்கும். கழிப்பறைப் பீங்கான் அந்தத் திசையைப் பார்க்கக்கூடாது. நான் மறந்தாலும் வீட்டைக் கட்டும் மேசன் பாஸ் மறக்க மாட்டார். கோடுகளைக் கணினி போடும். நான் நீளத்தைச் சொன்னால் போதும். இப்படியே ஐந்து வருடம் போனது.

ஒரு நாள் சாய்ந்தமருதில் வீட்டு வேலை நடக்கும் இடத்தில், படிக்கட்டு எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று பாஸுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பிளான் கையில் இல்லை. சீமெந்துப் பையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, அவருடைய தட்டைப் பென்சிலை வாங்கி வரைந்து நீட்டினேன். அவர் தாளை ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்தும் பார்த்தார்.

"மிஸ், கோவிக்கப்படா. இது படியா, பாம்பா?"

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பாம்பு கூடவே வந்தது. ஏனென்றால் என் கைக்கு ஒரு காலத்தில் வரையத் தெரிந்திருந்தது.

பதின்மூன்று வயதில் என்னிடம் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. அதில் முழுக்க ஆட்கள். சைக்கிளில் மீன் பெட்டியோடு வருபவர், பாடசாலை வாசலில் மாங்காய் விற்பவர், வாயைத் திறந்துகொண்டு தூங்கும் என் மூத்த சகோதரி, ராத்தா. யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தேன், வரைந்தேன். ஒரு நாள் பாடசாலை விட்டு வந்து கொப்பியைத் திறந்தால், ஒவ்வொருவருடைய கழுத்துக்கும் குறுக்கே நீலப் பேனாவால் ஒரு கோடு. அடிமட்டம் வைத்துப் போட்ட, இம்மியும் பிசகாத கோடு.

காரணம் எனக்குத் தெரியும். உயிருள்ளவற்றின் உருவம் இருக்கும் வீட்டுக்குள் றஹ்மத்துடைய மலக்குமார், அருள் கொண்டுவரும் வானவர்கள், வர மாட்டார்கள் என்று அந்த வாரம் பெண்களுக்கான மார்க்கப் பயானில் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் கோடு போட்டால் அது தலை வெட்டுப்பட்ட உருவம், அதில் குற்றமில்லை என்பது எங்கள் பக்கத்தில் பலரும் கைக்கொள்ளும் வழக்கம். உம்மா அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தார். "இப்ப பிரச்சின இல்ல புள்ள" என்றார். பிழையான கணக்கைக் கணக்கு டீச்சர் வெட்டுவதைப் போலத்தான் அந்தக் கோடுகள் எனக்குத் தெரிந்தன. என் பக்கங்கள் எல்லாமே பிழை. நான் அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. கொப்பியை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனேன். சித்திரப் பாடத்தை விட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கில் எனக்கு நல்ல புள்ளிகள் வந்ததால் கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பாம்புப் படிக்கட்டு வரைந்த அன்று சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு வெள்ளைக் கொப்பியும் மூன்று பென்சில்களும் வாங்கினேன். முதல் பக்கத்தில் எழுதினேன்: கோடு, வட்டம், நீள்வட்டம், பெட்டி, நிழல், துணி மடிப்பு, கை, ஆள். ஒவ்வொன்றும் சரியாக வந்ததும் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போடுவேன். அலுவலகத்துக்குப் போக முன் காலையில் அரை மணித்தியாலம்.

கோட்டுக்கே மூன்று வாரம் போனது. மணிக்கட்டை அசைத்து வரைந்தால் கோடு வளைகிறது, தோளிலிருந்து கையை இழுத்தால் நேராகப் போகிறது என்று கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதைவிடக் கஷ்டம் கோப்பை. மேசையில் இருக்கும் கோப்பையின் வாயை நீள்வட்டமாக வரைவேன், அடியை நேர்கோடாக முடிப்பேன். பத்துக் கோப்பை, இருபது கோப்பை, எல்லாமே ஏதோ வெட்டி ஒட்டியது போல இருந்தன. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்தது. அலுவலகத்தில் நாங்கள் வரையும் முகப்புப் படம் போல வரைந்தால் கோப்பையின் அடி நேர்கோடுதான். கண் பார்க்கும்போது அதுவும் வளைவு. நான் பார்த்ததை வரையவில்லை, படித்ததை வரைந்திருக்கிறேன். இருபத்தேழு வயதில் ஒரு கோப்பையின் அடியை முதல் முறையாகப் பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையல்ல.

நிழல் பழக முட்டையை வரைந்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ராத்தா அன்று வந்திருந்தார்.

"முட்டைக்கு உசிர் இரிக்கா இல்லையா கா? எதுக்கும் கோடு ஒண்டு போட்டு வை."

"அதுக்குக் கழுத்து இல்ல ராத்தா."

"உனக்கும் தான் இல்ல. இருபத்திநாலு மணித்தியாலமும் குனிஞ்சி குனிஞ்சி."

துணி மடிப்பு வரை சரி அடையாளங்கள் வந்துவிட்டன. பிறகு பட்டியல் நின்றது. "கை" என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு மாதம் வெற்றிடம். என்னுடைய இடது கையை வரைந்து பார்த்தேன், ஒரே கோணம், ஒரே விரைப்பு. மற்றவர்களின் கை வேண்டும், அதன் பிறகு மற்றவர்கள் வேண்டும். பொருட்களோடு மட்டும் நின்றால் நான் கற்றுக்கொள்வதும் அங்கேயே நின்றுவிடும் என்று தெரிந்தது.

அலுவலகத்தில் ஒளித்து வரையலாம். வீடும் என் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு எழுதி வைத்துவிடுவார்கள், நாளை மாப்பிள்ளைதான் இங்கே வந்து இருக்க வேண்டும். ஆனால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர் இருந்தாலும் சட்டம் உம்மாவுடையது, அந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையும் இல்லை. உம்மாவுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. கேட்கவும் பயம். பயம் உம்மா மறுப்பார் என்பதில் அல்ல. அவர் மறுத்தால், பதின்மூன்று வயதில் போல, நான் ஒரு சொல்லும் சொல்லாமல் கொப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். இந்த முறை விட்டால் திரும்ப எடுக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, குசினியில் உம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"உம்மா, உங்கட கைய வரையட்டா?"

"ஏன், என்ட கைக்கு என்ன?"

"ஒண்டும் இல்ல. பழகத்தான்."

உம்மா ஒரு வெங்காயத்தை முடித்து அடுத்ததை எடுத்தார். "கழுத்து வராதே?"

"வராது."

"அப்ப வரை."

இவ்வளவு சுருக்கமாக முடிந்ததில் எனக்குப் பென்சில் எங்கே என்றே மறந்துபோனது. முன்னறையிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது.

"அவட கைய ஒரு இடத்தில நிப்பாட்டு பாப்பம். எனக்கு முப்பது வருசமா ஏலல்ல."

"நீங்க பேசாம இருங்க. இவருக்குக் காது மட்டும் குறையல்ல."

கை நிற்கவேயில்லை. உரித்தது, கழுவியது, கன்னத்தில் விழுந்த முடியை ஒதுக்கியது, வாப்பா இருக்கும் பக்கம் காற்றில் ஓர் அதட்டல் போட்டது. நான் நான்கு பக்கம் கிறுக்கினேன். உம்மா எட்டிப் பார்த்தார்.

"இது கையா? நண்டு மாதிரிக் கிடக்கு."

"நீங்க ஆடுறீங்க."

"சின்னதில நல்லா வரைஞ்சாய். இப்ப என்ன இப்பிடி?"

பதினாலு வருடம் சொல்லாதது தானாக வந்தது. "நீங்க எல்லாத்திலயும் கோடு போட்டீங்க. அதோட விட்டுட்டன்."

உம்மாவின் கை அப்போதுதான் நின்றது.

"கோடு போட்டதாலயா?"

"ஓம்."

"அல்லாஹ்வே." கத்தியைச் சுளகில் வைத்தார். "நீ வெச்சிக்கட்டும் எண்டு தானே புள்ள போட்டன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த வாரம் தெருவில் எல்லா வீட்டிலும் பொம்மை, கலண்டர் படம் எல்லாம் எடுத்து எறிந்தார்களாம். பெரியும்மா வந்து என் கொப்பியைக் கண்டுவிட்டு, அடுப்புக்குள் போடு என்றாராம். உம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் லெவ்வையின் பெண்சாதியிடம் போய், இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கழுத்தில் ஒரு கோடு போதும், வைத்துக்கொள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"விடிய இருந்து பகல் லுஹர் தொழுகை வரைக்கும் இருந்து போட்டன். சோறு கூட வெக்கல்ல. வெறுங்கையால போட்டா கோணும், கோணினா நீ சண்ட பிடிப்பாய் எண்டு உன்ட அடிமட்டத்த எடுத்துத்தான் போட்டன்."

உம்மா கத்தியைத் திரும்ப எடுத்தார்.

"அதிலயும் பாதிப் பேருக்குக் கழுத்தே இல்ல. எங்க போடுற எண்டு தேடித் தேடி என்ட கண்ணு போச்சு."

வாப்பா முன்னறையில் சிரித்தது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் எரிந்தது. வெங்காயம் பக்கத்தில் இருந்தது வசதியாகப் போனது.

கொப்பி உம்மாவின் அலுமாரியில், வீட்டு உறுதி இருக்கும் உறைக்குக் கீழே இருந்தது. அதை இத்தனை காலம் நான் தேடவே இல்லை. எறிந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். குசினி மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். பாதிப் பேருக்குக் கழுத்தே இல்லை என்று உம்மா சொன்னது சரி. நான் நன்றாக வரைந்திருக்கவில்லை. கண்கள் நெற்றியில் இருந்தன. காதுகள் ஆளுக்கொரு உயரத்தில் இருந்தன. தலை நேரே தோளில் உட்கார்ந்திருந்தது. மாங்காய்க்காரருக்கு நாடிக்குக் கீழே இடமே இல்லாததால் கோடு தாடிக்குள் போயிருந்தது. ஆனால் ஒரு கோடும் கோணவில்லை, ஒரு கோடும் முகத்தைத் தொடவில்லை. பேனா மை கசிந்த இடத்தில் ஒற்றி எடுத்த அடையாளம் கூட இருந்தது. வெட்டுகிறவர் மையை ஒற்றி எடுக்க மாட்டார். பதின்மூன்று வயதில் இது எனக்குத் தெரியவில்லை. கோப்பையின் அடியைப் போலத்தான் இதையும் நான் பார்க்காமலே முடிவு செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு உம்மாவின் கைகளை நாற்பது தடவைக்கு மேல் வரைந்தேன். நண்டு குறைந்து விரல்கள் வந்தன. பெருவிரலின் அடிச்சதை எங்கே தொடங்குகிறது என்று விளங்கிய அன்று "கை"க்குச் சரி அடையாளம் போட்டேன்.

கடைசிச் சொல் "ஆள்". போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா சாய்மனைக் கதிரையில் அயர்ந்துவிட்டார். நான் எதிரே இருந்து வரைந்தேன். முதலில் கதிரைக்கும் கைக்கும் இடையில் உள்ள இடைவெளி, பிறகு தோள், பிறகு சரிந்த தலை. தலைக்கும் தோளுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பென்சிலை நீட்டி மூன்று தடவை அளந்தேன். முடிந்ததும் கொப்பியையும் நீலப் பேனாவையும் என் அடிமட்டத்தையும் உம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். வாப்பாவைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"இந்த மனிசனுக்குக் கழுத்து இரிக்கு" என்றார். "இப்பதான் காணுறன்."

அடிமட்டத்தை வைத்தார். பிறகு எடுத்து என்னிடம் தந்தார். "நீயே போடு. உன்ட கை இப்ப நேராப் போகுமே."

அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, தோளிலிருந்து கையை இழுத்து ஒரே வீச்சில் போட்டேன். உம்மா குனிந்து கோட்டின் வழியே ஒரு கண்ணால் பார்த்தார். எங்கள் மேசன் பாஸ் சுவரைப் பார்ப்பது அப்படித்தான்.

"கோணல்ல" என்றார்.

வாப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "தாயும் மகளுமாச் சேந்து என்ட கழுத்த என்ன செய்றீங்க?"

"ஒண்டுமில்ல. நீங்க ஆடாம படுங்க" என்றார் உம்மா. நான் பக்கத்தைப் புரட்டினேன்.