வண்டிக்குத் தண்ணீர், ஓட்டுகிறவனுக்கு ஒருசந்தி

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரையும் பசியோடு தூங்க வைத்ததில்லை. ஒருவரும் நேற்றுவரை என் சொல்லைத் தட்டியதும் இல்லை. கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தபோது பழகிய எழுத்துதான் எனக்கு இருக்கிற படிப்பு. நான் ஒரு வரி எழுதுவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். கொதிக்கட்டும். நான் எதையும் அவசரமாகச் செய்கிறவள் இல்லை. ஆனால் இதை மட்டும் விடிவதற்குள் முடித்தாக வேண்டும். நாளை பெரிய வெள்ளி.

என் கடைசி மகன் ஜீப் ஓட்டுகிறான். தருமபுரியை அடுத்த இண்டூருக்கு அந்தப் பக்கம், மலைமேல் இருக்கிற சிற்றூர்களுக்குத் தார்ரோடு கிடையாது. கல்லும் பள்ளமுமாக ஒரு தடம் போகும், அவ்வளவுதான். ரேஷன் அரிசி, சிமெண்டு மூட்டை, ஆட்டுக்குட்டி, பிரசவ வலி எடுத்தவள் எல்லாம் ஏறுவதும் இறங்குவதும் அவன் ஜீப்பில்தான். வண்டி என் வீட்டுக்காரர் காலத்தில் வாங்கியது. அதற்கு முன்பு ஊட்டிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் ஓடியது. குளிர்காட்டு வண்டி என்பதால் உள்ளே ஹீட்டர் இருந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் வைத்த வண்டியை வாங்கி வந்தவர் என்று அவரை ஊரே கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கோடையில் மலை ஏறுகிற வண்டியைச் சூடேறாமல் வைத்துக்கொள்வது ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. ரேடியேட்டர் சல்லடையில் புல்விதையும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். தினமும் சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சி எடுக்க வேண்டும். பானெட்டின் பின்பக்கத்தை இரண்டு விரல்கடை தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டால் சூடு அந்த வழியாக வெளியே போகும். கூரைத் தகரத்தின்மேல் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் ஈரச்சாக்கு விரிக்க வேண்டும். சூடேறிவிட்டால் உடனே இஞ்சினை அணைக்கக் கூடாது. காற்று வருகிற பக்கமாக முகத்தைத் திருப்பி நிறுத்தி, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்தால் முகம் வெந்துவிடும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. இஞ்சினைத் தவிர அந்த வண்டியில் என் கை படாத இடம் இல்லை.

ஓட்டுகிறவனையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். விடியலில் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் கொடுப்பேன். ரெக்சின் சீட்டு தொடையைச் சுடும் என்று கோரைப்பாயை வெட்டி அதன்மேல் தைத்தேன். கழுத்துக்கு ஈரத்துண்டு. வண்டியின் பின்னால் இரண்டு கேன்கள் தொங்கும். நீலக் கேன் வண்டிக்கு, வெள்ளைக் கேன் அவனுக்கு. எங்கே நின்றாலும் முதல் தண்ணீர் வண்டிக்குத்தான். அது என் வீட்டுக்காரர் வைத்த சட்டம். நடுமலையில் வண்டி நின்றுவிட்டால் யாருக்குமே தண்ணீர் கிடையாது என்பார். நீலக் கேனை மனிதர் யாரும் தொடக் கூடாது.

பெரிய வெள்ளியன்று மட்டும் வெள்ளைக் கேன் காலியாக வேலியில் கவிழ்ந்திருக்கும். எங்கள் வீட்டு ஒருசந்தி அப்படி. மற்றவர்கள் ஒருவேளை சாப்பிட்டு மற்ற வேளை பட்டினி இருப்பதை ஒருசந்தி என்பார்கள். எங்கள் வீட்டில் பெரிய வெள்ளி பகல் மூன்று மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூட நாக்கில் படக் கூடாது. ஆண்டவர் சிலுவையில் தாகத்தோடு தொங்கிய நேரத்தில் நமக்கு எதற்குத் தண்ணீர்? தண்ணீர் குடித்தால் குற்றமில்லை என்று பங்குச் சாமியார் வருஷா வருஷம் சொல்வார். அவர் சொல்வதைச் சொல்லட்டும், நம் வீட்டு வழக்கம் நமக்கு என்று நான் இருந்தேன். என் மாமியார் அப்படி இருந்தார், நான் இருந்தேன், பிள்ளைகள் ஐந்து பேரும் பால்குடி மறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

போன வருஷம் பெரிய வெள்ளி. மலைமேல் மாதா கெபிக்குப் பக்கத்தில் சிலுவைப்பாதை. வாலிபர்கள் பெரிய மரச்சிலுவையைச் சுமந்து நடந்தே ஏறுவார்கள். நடக்க முடியாதவர்களை என் மகன் கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்டு போவான். காலையிலிருந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். கடைசி நடையில் நானும், என் எதிர்வீட்டுக்காரியும், மெழுகுவர்த்திப் பெட்டியும்தான்.

எதிர்வீட்டுக்காரி இந்து. நிலபுலன் உள்ள குடும்பம். என்னைவிட இரண்டு வயது இளையவள், வாய் மட்டும் நாலு வயது மூத்தது. மலைக்காற்று வாங்கலாம் என்று வருஷா வருஷம் வந்துவிடுவாள். முந்தானைக்குள் எதையோ அணைத்தபடி பின்சீட்டில் ஏறினாள். அடிவாரத்தில் என் மகன் நீலக் கேனைத் தூக்கி ரேடியேட்டருக்கு ஊற்றுவதைப் பார்த்துச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"ஏஞ்சாமி, உன் வண்டி குடிக்கறதுல கால்வாசி நீ குடிச்சாத்தான் என்னா?"

"மூணு மணி வரைக்கும் கெடையாதுங்க ஆயா."

"ஏன், உங்க சாமி கோவிச்சுக்குமா?"

"எங்க சாமி கோவிக்காதுடி," என்றேன் நான். "நான் கோவிப்பேன்."

"அதான பாத்தேன். சாமிக்கு மேல ஒரு சாமி முன்சீட்டுல உக்காந்துருக்குது!"

மூவரும் சிரித்தோம். அவன் உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. சிரித்தபோது ஒரு பக்கம் லேசாக ரத்தம் கசிந்தது. துண்டால் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

பங்குனி வெயில் பாறையில் அடித்துத் திரும்பியது. மலையடிவாரத்துப் புல்லை யாரோ கொளுத்தியிருந்தார்கள். கரி வாசனை கூடவே ஏறி வந்தது. முதல் வளைவில் எப்போதும் பொரிக்காக வண்டியைத் துரத்தி வருகிற குரங்குகள் அன்று பாறை இடுக்கில் கையைக் காலை விரித்துக் கிடந்தன. எங்களைப் பார்த்தும் ஒன்றுகூட எழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முன்னால் நடந்து போனவர்களின் புழுதி அடங்காததால் பக்கத்துத் தார்ப்பாய்த் திரைகளை இறக்கிவிட்டிருந்தோம். பாதி ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போக ஆரம்பித்தது. அவன் கண் அதைவிட்டு அகலவில்லை.

"ஊசி ஏறுதும்மா," என்று சொல்லிக்கொண்டே கீழே குனிந்து ஒரு திருகைத் திருப்பினான். குப்பென்று என் கால்மேல் அனல் வந்து விழுந்தது.

"என்னாடா இது? அடுப்புல கால வெச்சாப்புல கீது!"

"ஹீட்டரும்மா. இதத் தொறந்து வுட்டா இஞ்சின் சூடு உள்ளாற வந்துரும். அதுக்கு எறங்கிரும். தருமபுரில மெக்கானிக் சொல்லிக் குடுத்தாரு."

"வண்டிக்கு எறங்கும். உனக்கு?"

"இன்னம் கொஞ்ச தூரம்தான். இந்த ஏத்தத்துல நிறுத்துனா பின்னால போயிரும்."

முள் இறங்கியது. அவன் சொன்னது சரிதான். வண்டியின் சூடெல்லாம் வண்டியைவிட்டு வெளியே வந்து எங்கள்மேல், அதிலும் பெரும்பாலும் அவன் முழங்காலிலும் மார்பிலும் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வளைவு ஏறினோம். நான் திரும்பி அவன் கழுத்தைப் பார்த்தேன். அடிவாரத்தில் வேர்வை ஓடிய கழுத்து இப்போது காய்ந்திருந்தது. ஈரத்துண்டும் மொடமொடவென்று விறைத்திருந்தது. வேர்வை அடங்கிவிட்டது, உடம்பு தணிந்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்து பேருக்குக் காய்ச்சல் பார்த்தவள்தான் நான். காய்ச்சல் விட்டால் வேர்க்கும் என்றுதான் எனக்குத் தெரியும். வேர்க்காமல் இருப்பது என்ன என்று தெரியாது.

அப்போது அவன் பாதையைப் பார்த்தபடியே நிதானமாகக் கேட்டான்:

"அம்மா, அப்பா ஏறிட்டாரா?"

என் வீட்டுக்காரர் இறந்து பல வருஷமாகிறது. நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பின்னால எடம் இருக்குது. உக்காரச் சொல்லு. வுட்டுட்டு வந்துடப் போறோம்."

பின்சீட்டிலிருந்து எதிர்வீட்டுக்காரி முன்னால் எட்டினாள். என் தோளைப் பிடித்தாள். "அக்கா," என்றாள், அவ்வளவுதான். இடது பக்கம் பள்ளம். அடியில் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. முன்சக்கரம் அந்தப் பக்கமாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. முள்ளைப் பார்த்தேன். அது நடுவில், இருக்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தது.

"வண்டிய நிறுத்து."

"ஏத்தத்துல நிக்காதும்மா…"

"நான் சொல்றன். நிறுத்து."

நிறுத்தினான். அவனுக்கு அப்போது நாள் தெரியவில்லை, இடம் தெரியவில்லை, அப்பா செத்தது தெரியவில்லை. ஆனால் என் குரல் தெரிந்தது. சின்ன வயதில் பதிந்தது காலுக்குப் போய்ப் பிரேக்கை மிதித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் நகர்ந்தது. நான் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். எதிர்வீட்டுக்காரி அந்த வயதில் எப்படித்தான் குதித்தாளோ, ஒரு கல்லைப் புரட்டிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு சத்தமே இல்லை. கூரைத் தகரம் மட்டும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

அவனைத் தொட்டேன். தோசைக்கல் போலச் சுட்டது. கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. நீலக் கேனை அவிழ்த்தேன். வண்டியின் தண்ணீர். மிச்சம் இருந்ததெல்லாம் அவன் தலையில், மார்பில், கக்கத்தில் ஊற்றினேன். அவள் முந்தானையால் விசிறினாள். விசிறிக்கொண்டே, முந்தானைக்குள் இவ்வளவு நேரம் அணைத்து வைத்திருந்ததை எடுத்தாள். மூடி போட்ட தூக்குப்போசி. உள்ளே எருமை மோர்.

"நீங்க வெரதம், எதிர்க்க குடிக்கக் கூடாதுன்னு மறைச்சி வெச்சிருந்தேன் அக்கா. வேணாம்னு சொல்லிடாத."

வெயில் நேர் உச்சியில் நின்றது. என் நிழலை நானே மிதித்துக்கொண்டு நின்றேன். போசியை வாங்கி அவன் உதட்டில் வைத்தேன். அவ்வளவு நினைவு தப்பிய நிலையிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"மூணு ஆவுலியேம்மா."

"ஆயிடுச்சி," என்றேன். "மூணு ஆயிடுச்சி. குடி."

குடித்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி வெளியே வழிந்தது, பாதி உள்ளே போனது. நான் சொன்னது பொய். அந்தப் பொய்க்காக நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. செய்யப் போவதும் இல்லை. அந்த இடத்தில் திரும்பவும் நிற்க நேர்ந்தால் திரும்பவும் அதையேதான் சொல்வேன்.

எதிர்வீட்டுக்காரி போட்ட கூச்சல் மேலே போய்ச் சேர்ந்தது. சிலுவை சுமந்த வாலிபர்கள் அதைப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். ஜீப்பின் தார்ப்பாய்த் திரையைக் கழற்றி, அதில் அவனைக் கிடத்தித் தார்ரோடு வரைக்கும் சுமந்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் தருமபுரி. இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தால் கொண்டுவந்து பயனில்லை என்றார் டாக்டர். சிறுநீர் சரியாகப் பிரிவதற்கே பல நாள் ஆனது. மலையில் விட்டுவந்த ஜீப்பை மறுநாள் என் மூத்த மகன் போய் எடுத்து வந்தான். சாவி போட்டதும் ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டதாம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவனுக்கு அன்று நடந்ததில் ஒன்றுதான் நினைவிருக்கிறது. மூணு ஆயிடுச்சி என்று நான் சொன்னது. அதையே பிடித்துக்கொண்டான். சாகக் கிடந்தும் ஒருசந்தியை முறிக்கவில்லை, அதனால்தான் ஆண்டவர் உயிரைத் திருப்பிக் கொடுத்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். எதிர்வீட்டுக்காரி ஒருநாள், "ஆண்டவர் எங்க குடுத்தாரு, என் எருமை குடுத்துச்சி," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. மகன் ஒருசந்தி காத்தவன் என்று கோயிலில் நாலு பேர் சொல்வது என் காதுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வெயில் அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பத்து மணி வெயிலுக்கே முகம் வெளுத்துவிடுகிறது. சாவியை வைத்த இடம் மறந்துபோய் நிற்கிறான். வெயிலில் அடிபட்ட உடம்பு அடுத்த முறை தாங்காது என்று டாக்டர் அன்றே சொல்லி அனுப்பினார். இந்த வருஷம் மாசி முடிவதற்குள்ளேயே வேலியோரத்து முருங்கை இலையை உதிர்த்துவிட்டது. போர்வெல்லில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது.

இன்று சாயங்காலம் அவன் ரேடியேட்டரைக் கழுவினான். நீலக் கேனை நிரப்பினான். வெள்ளைக் கேனை எடுத்துக்கொண்டு போய் வேலியில் கவிழ்த்தான். நான் போய் அதை எடுத்து நிரப்பி வண்டியில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் திரும்பவும் வேலியில் கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் மண்ணில் ஓடியிருந்தது.

"என்னாடா இது?"

"நீ கத்துக் குடுத்ததுதாம்மா. போன வருசம் காப்பாத்துனவரு இந்த வருசம் வுட்டுடுவாரா?"

முதன்முறையாக ஒரு பிள்ளை என் சொல்லைத் தட்டினான், அதுவும் என் சொல்லை வைத்தே. வாயால் சொன்னால் இவன் நம்பப் போவதில்லை. அவனைத் தண்ணீர் குடிக்க வைக்க நான் கதை கட்டுகிறேன் என்பான். எழுதி வைத்தால் நம்புவான். நான் எழுத்தில் பொய் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். ஒரு பொய்க்காக இவ்வளவு கஷ்டப்பட்டு யார் எழுதுவார்கள்? அதனால் எழுதினேன். இனிமேல் இந்த வீட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பெரிய வெள்ளியன்றும் தண்ணீர் உண்டு. முதல் தண்ணீர் அவனுக்கு, பிறகுதான் வண்டிக்கு. வழக்கத்தை வைத்திருந்தவள் நான். மாற்றுகிறவளும் நானே.

அவன் இப்போது நாளைய நடைக்காக வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறான். ஸ்பானர் சத்தம் கேட்கிறது. அவன் மகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

கண்ணு, உன் புஸ்தகத்த அப்பறம் பாக்கலாம், இங்க வா. ஆயா எழுதுனத மொதல்ல இருந்து வாசி. எழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும், கூட்டிப் படி. வண்டிக்கிட்ட போய் நின்னு, உங்கப்பனுக்குக் கேக்கறாப்புல சத்தமா வாசி. மூணு மணி வர்ற எடத்துல அவன் ஸ்பானர் சத்தம் நின்னுச்சின்னாலும் நீ நிறுத்தாத.