கத்தியில் விழுந்த ரேகை

கத்தி அலகுகளில் அமிலத்தால் பூவேலை செய்யும் அவருக்குத் தெரு வைத்த பெயர் 'பூட்டு'. குடிக்கிற தண்ணீரைத் தவிர பட்டறையில் எல்லாவற்றையும் பூட்டி வைப்பார். தன் நிழலைக்கூட நம்பாத மனிதர்.

மனைவி பிசுக்குப் போகத் தின்னர் போட்டு அலகைத் துடைத்துக் கொடுப்பாள். அதில் அவர் வார்னிஷால் கொடி வரைந்து அமிலத்தில் அமிழ்த்துவார். வெற்று இடத்தை அமிலம் அரித்துக் கறுப்பாக்கும். கொடி மட்டும் பளபளக்கும். விரல் பட்டுப் பிசுக்கு ஒட்டினால் அங்கே அமிலம் பிடிக்காது.

இந்த மாதம் மூன்று கத்திகளில் கொடிக்குப் பக்கத்திலேயே வெள்ளையாக ஒரு கைரேகை விழுந்திருந்தது.

"எவனோ வேணும்னே தொடுறான்!" என்று குதித்தார் பூட்டு. சாணை பிடிக்கும் மச்சானின் கட்டைவிரலை விளக்கடியில் இழுத்துப் பார்த்தார். கத்திக்குப் பிடி போடும் தச்சர், "என்ன, போலீஸ் வேலையா பாக்கறீங்க?" என்று முறைத்துக்கொண்டு வெளியேறினார். கடைசியில், "நீ கையக் காட்டு" என்றார் மனைவியிடம்.

அவள் காட்டவில்லை. கத்தியை எடுத்து அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ரேகையின் குறுக்கே ஒரு கோடு. அவர் விரலிலும் அதே இடத்தில் பழைய வெட்டுத் தழும்பு.

பூட்டு விரலை மடக்கிக்கொண்டார்.

"நான் ஒழுங்காத் துடைச்சேனான்னு ஒவ்வொரு கத்தியையும் தடவிப் பாத்தது யாருங்க?"