ஙாம் என்று சொன்னவன்

போன வாரம் ஜெலுத்தோங் பாசாரில் மீன்காரி ஒரு முழுக் கொடுவாவை என் டப்பாவுக்குள் வளைத்து அழுத்தி, மூடியைப் போட்டு, "பாத்தீங்களா அண்ணே, ஙாம்!" என்றாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். மீனுக்கா பயந்தாய் என்று நீங்கள் சிரிக்கலாம். பயம் அந்தச் சொல்லில்.

ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியையும், அப்புறம் சீக்கிரமே படிப்பையும் விட்டவன் நான். ங என்ற எழுத்தை வாத்தியார் எதற்கு எழுத வைத்தார் என்பதே, லாரி, ஓட்டல் என்று சுற்றிவிட்டு ஒரு கரையோரப் படகுப் பட்டறையில் ஒதுங்கியபோதுதான் தெரிந்தது. ஒன்றில் ஒன்று கச்சிதமாகப் பொருந்தினால் அது ஙாம். பட்டறையில் ஒரு வழக்கம்: ஙாம் என்று சொன்னவன்தான் முதல் ஓட்டத்தில் படகில் ஏற வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது.

ஒரு நாள் காதர் பாயின் படகு. படகைத் தள்ளும் விசிறி பூட்டிய, பின்னால் தொங்கும் காலைக் கழற்றி பேரிங் மாற்றியிருந்தோம். அந்த விசிறிக் காலைத் திரும்பப் பூட்டுமுன் எஞ்சினை அதற்கு நேராக நிறுத்த வேண்டும். கைநீள இரும்புக் கம்பியில் கிரீஸ் தடவி, படகின் பின்துளை வழியாக எஞ்சினுக்குள் விடுவோம். இரண்டு விரலால் தள்ளினால் போக வேண்டும். சிக்கினால் எஞ்சினை முன்பக்கம் தாங்கும் நட்டைக் கொஞ்சம் திருப்பி, மறுபடியும் கம்பி. என் கூட்டாளி மணியம் வெளியே கம்பியோடு, நான் உள்ளே நட்டோடு, குப்புற. கம்பியின் கடைசி நாலு விரற்கடை போகவேயில்லை. கடல் வற்றத் தொடங்கியது; இன்னும் தாமதித்தால் படகை இறக்க முடியாது. பாய் "ஆச்சாலா?" என்று கேட்டபடியே இருந்தார்.

"மரச்சுத்தியால ஒரு தட்டு தட்டு," என்றேன்.

போய்விட்டது. வெளியே எடுக்க இரண்டு பேர் இழுத்தோம். நேராக இல்லை என்று அப்போதே தெரியும்.

"ஙாமா?" என்றான் மணியம்.

"ஙாம்." விசிறிக் காலைப் பூட்டினோம்.

"நீதானே சொன்ன? அப்ப நீ போ. நான் ரொட்டி சாப்ட்டு வரேன்."

படகை ஓட்டப் பாய் ஏறினார்; அவர் மனைவியும் ஃபிளாஸ்க்கோடு ஏறிக்கொண்டார். கரை சின்னதாகும் வரை ஒன்றுமில்லை. பிறகு பின்னாலிருந்து, நாய் எலும்பு கடிப்பதுபோல ஓர் உறுமல். எஞ்சினையும் விசிறிக் காலையும் இணைக்கும் தண்டு கோணலாகச் சுற்றினால் பேரிங்கைத் தின்னும். சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்தால் கடல் உள்ளே வரும். எனக்குத் தெரியும். அந்த அக்காவுக்குத் தெரியாது.

"தம்பி, சத்தம் எப்பவும் இப்படித்தானா?"

"புது கிரீஸ், அக்கா, அப்படித்தான் இருக்கும்."

பலகையின் நடுக்கம் கால் வழியே பல்லுக்கு ஏறியது. அக்கா மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினார். அதில் வட்டம் வட்டமாக அலை. கத்திவிட்டேன்: "பாய், நிறுத்துங்க! ஙாம் இல்ல! ஙாம் இல்ல!"

எஞ்சின் நின்றது. பலகையைத் தூக்கினால், அடியில் தண்ணீர். ஒரு மீன்படகு வந்து இழுக்கும்வரை டப்பாவால் மொண்டு ஊற்றினேன். பாய் திட்டவில்லை. "கரையிலயே சொல்லியிருந்தா டீயாவது சூடா குடிச்சிருப்பேன்லா," என்றார். திட்டியிருக்கலாம்.

பட்டறை இருந்த சேற்றைத் தூர்த்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். மணியம் எங்கே என்று தெரியவில்லை. நான் இப்போது பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், ஆஸ்பத்திரிக் கட்டில்களில் சக்கரம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிறேன். சரியென்றால் தாளில் ஒரு கையெழுத்து. கட்டில் போய்விடும். முதலில் நீ ஏறு என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அதனால் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், ஒவ்வொன்றிலும் நானே ஏறிப் படுத்து, காலால் உந்தி, காது கொடுத்துக் கேட்கிறேன்.