தலைக்கு மேலே ஓடும் பெல்ட்

என் வலது கை தோளுக்கு மேலே எழும்பாமல் போய் ஒரு வருடமாகிறது. வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஜெகதாப்பட்டினத்தில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கை போய்விட்டது என்று தெரிந்தால் படகுக்காரர்கள் மறுநாளே வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள் என்று பயம். போனால் குறை சொல்லவும் முடியாது. நடுக்கடலில் நான் கடைந்த விசிறித்தண்டு ஒடிந்து, படகு எல்லை தாண்டி ஒதுங்கினால் ஜெயிலில் கிடப்பது அவர்கள்தானே.

என் லேத்து பழையது. தலைக்கு மேலே, படிப்படியாக இருக்கும் புல்லியில் அதன் பெல்ட் ஓடும். வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் நிறுத்திவிட்டு, கையைத் தூக்கி, பெல்ட்டை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தள்ள வேண்டும். முப்பது வருடம் தள்ளியதில் தேய்ந்தது பெல்ட் மட்டுமல்ல.

அதனால்தான் வி.எஃப்.டி. பெட்டியை வாங்கி மாட்டினேன். வீட்டு மின்விசிறிக்கு இருப்பது போல அதில் ஒரு குமிழ். திருகினால் மோட்டாரின் வேகம் கூடும், குறையும். பெல்ட்டை வேகமான படியிலேயே விட்டுவிட்டேன். வருகிறவர்களிடம், "இப்பல்லாம் இதுதான், ஃபினிஷிங் கண்ணாடி மாதிரி வரும்" என்று பெருமையடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்று நினைப்பு. பெட்டியை மாட்டியவர், "ரொம்பக் கொறச்சு வச்சு நெடுநேரம் ஓட்டாதீங்க" என்றார். சரி சரி என்று அனுப்பிவைத்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலு நாள் இருக்கும்போது, வெகுநாள் பழக்கமான விசைப்படகுக்காரர் ஒருவர் புதுத் தண்டு கடையக் கொண்டுவந்தார். கனமான தண்டு, மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். பெல்ட்டை மெதுவான படிக்கு மாற்றியிருக்க வேண்டும். நான் குமிழைக் கீழே இறக்கிவிட்டுக் காலையிலிருந்து ஓட்டினேன். மத்தியானம் வார்னிஷ் கருகும் வாடை வந்தது, மோட்டார் நின்றது. அந்தப் பெட்டியை ஓங்கி ஒரு அறை விடலாம் போல ஆத்திரம். ஓங்குவதற்கும் கை வேண்டுமே.

அறந்தாங்கியில் காயில் கட்டுபவர் மோட்டாரை எடுத்துப்போய் மூன்றாம் நாள் கொண்டுவந்து மாட்டினார். படகுக்காரர் வாசலில் கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்திருந்தார்.

"பின்னால இருக்க ஃபேனு மோட்டாரோட சேந்துதான் சுத்தும். நீங்க மெதுவா ஓட்டினா அதுவும் மெதுவாத்தான் சுத்தும், காத்து எங்கிட்டுருந்து வரும்? பெல்ட்ட மாத்திப் போட்டுட்டு மோட்டார வேகமா விட்டிருக்கலாம்ல? ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார் காயில்காரர்.

அவர் போனபிறகும் பெல்ட்டுக்குக் கீழே நின்று, சுத்தமாக இருந்த கையைக் கழிவுப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அலுப்பாக இருந்தது. இந்த நடிப்பே போதும் என்று தோன்றியது.

"தண்ட வேற பட்டறைக்குக் கொண்டு போயிருங்க" என்றேன்.

படகுக்காரர் எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பெல்ட்டை அண்ணாந்து பார்த்தார்.

"எந்தப் படிக்குண்ணே தள்ளணும்?"

துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

"ஆறு மாசமா டீ கிளாஸ எடது கையில புடிக்கிறீங்க. தொறமொகத்துக்கே தெரியும்ணே. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தோம்" என்றார்.

தெரிந்தேதான் எல்லோரும் தண்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். யாருக்குப் பயந்து நான் அந்த மோட்டாரைக் கருக்கினேன்? சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் அதற்குள் பெல்ட்டைத் தப்பான படியில் தள்ளிவிட்டிருந்தார்.

"அது இல்லைங்க, அடுத்தது" என்றேன்.