சாப்பிட்டீங்களா, மகள்?

போன வருடம் மாரி மழைக் காலம். செங்கலடியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்வது என் வேலை. எங்கு பார்த்தாலும் டெங்குக் காய்ச்சல், போன் ஓயாது. எனக்கோ பொறுமை குறைவு, வாய் நீளம்.

ஒரு நாள் காலை உன்னிச்சையிலிருந்து ஒரு விவசாயி, காய்ச்சலோடு ஏழு வயது மகளைக் கூட்டிவந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். பத்து மணிக்கே கோல் எடுத்தார். எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியும்தானே, சுகம் விசாரிக்காமல் விசயத்துக்கு வரமாட்டார்கள். "மகள், சுகமா இரிக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். "றிப்போட் இன்னும் வரல்ல" என்று வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கும் அதே சாப்பாட்டுக் கதை.

பன்னிரண்டுக்கு மூன்றாம் முறை. றிசீவரை மேசையில் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "இந்தாளுக்கு வேற வேல இல்ல புள்ள. நான் திண்டனா இல்லையா எண்டு கேக்கத்தான் எடுக்கிறார்" என்றேன். அவள் சிரித்தாள். திரும்ப எடுத்தால் லைன் இல்லை. தொல்லை விட்டது என்று இருந்துவிட்டேன்.

அரை மணியில் றிப்போட் வந்தது. பிளேட்லட் பயங்கரமாக இறங்கியிருந்தது. அவருக்கு அடித்தேன், தொடர்பில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றரைக்குத்தான் கிடைத்தார்.

"ஐயா, புள்ளய உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க!"

"ஐயோ மகள்! வீட்டில சிக்னல் இல்ல, குளக்கட்டுல ஏறித்தான் கதைக்கிறன். அப்பவே திரும்ப எடுக்க நினைச்சன். உங்களுக்குக் கரைச்சலா இரிக்கும் எண்டு விட்டுட்டன். மனசு கேக்கல்ல, இப்பதான் ஏறினன்."

நான் சொன்னது அவ்வளவும் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிள்ளை தப்பிவிட்டாள் என்று அறியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்க முன்னரே, "சாப்பிட்டீங்களா, மகள்?" என்றார். எல்லாருக்கும் முன்னால் அழுதுவிட்டேன்.

"ஓம் ஐயா, சாப்பிட்டன். நீங்க?" இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு பிள்ளையின் மூன்று மணி நேரத்தை அல்லவா தின்றுவிட்டேன் என்று இன்றும் ஒவ்வொரு கோலை எடுக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.